பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் போட்டா லாபமா? நாமக்கல் லாரிக் கணக்குல ஒரு பாடம்

'பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு, இல்லாட்டி ஒரு ஆர்எக்ஸ் 100, வாங்கி ஷெட்ல போட்டு வை மச்சான். பத்து வருஷத்துல எங்கயோ போயிடும். தங்கத்தை விட பெட்டர்.' இந்த வசனம் கேட்காத ஹாஸ்டல் இருக்க முடியாது. ஏதோ ஒரு ஃபெராரி ஏலத்தில் பல நூறு கோடிக்குப் போனதாக ஒரு ரீல்ஸ் வந்துவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் அதுதான் பேச்சு.

இந்தக் கட்டுரையில் அந்தப் பேச்சைக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். பெரிய ஃபைனான்ஸ் அறிவு எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு ஃபார்முலா, ஒரு கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை. கடைசியில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் உண்டு.

1. வண்டி எப்போ முதலீடு ஆகுது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்ம பக்கத்தை விட நல்ல இடம் கிடையாது. நாமக்கல்லில் லாரி, டேங்கர். சங்ககிரியில் லாரி. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி. இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் நம்ம ஊர் ரிக் ஒன்று எங்கேயோ துளை போட்டுக்கொண்டிருக்கும். வண்டியை முதலீடாகப் பார்த்தே மூன்று தலைமுறை வளர்ந்த ஊர் இது.

லாரி வாங்குகிறவர் 'பத்து வருஷம் கழிச்சு இதோட விலை ஏறுமா' என்று கேட்கவே மாட்டார். இறங்கும் என்று அவருக்கே தெரியும். வருமான வரிச் சட்டமே வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருடத்துக்கு 30% தேய்மானம் கொடுக்கிறது. அவர் கேட்பது வேற: 'மாசம் எத்தனை டிரிப் அடிக்கும்? டீசல், டயர், டிரைவர் பேட்டா, டியூ எல்லாம் போக கையில என்ன நிக்கும்?' அதாவது வண்டி விலை இறங்கிக்கொண்டே போகும், ஆனால் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் சம்பாதிக்கும். முதலீடு அங்கேதான் இருக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நேர் எதிர். ஓடினால் சம்பாதிக்காது; ஓடினால் தேயும். சும்மா நின்றாலும் செலவு. வட்டி தராது, டிவிடெண்ட் தராது, வாடகை தராது. லாபம் வருவதற்கு ஒரே ஒரு வழிதான்: நாளைக்கு இன்னொருத்தர் வந்து இன்றைய விலையை விட அதிகம் கொடுக்க வேண்டும்.

'அடுத்த ஆள் வருவார்' என்பதை மட்டும் நம்பி இருக்கிற விலை எப்படிப்பட்டது என்று கொங்கு மண்டலத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது என்ன ஆனது என்று வீட்டில் பெரியவங்களைக் கேளுங்க. கறிக்கோ முட்டைக்கோ பெரிய சந்தை இல்லை; புதுசாகச் சேருகிறவர் கட்டும் பணம்தான் மொத்த ஓட்டமும். பழைய கார் சந்தை மோசடி இல்லை, அதில் உண்மையான ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: கடைசியில் வாங்கப் போகிறவர் யார், எதற்காக வாங்குவார்?

2. ஃபெராரியின் கணக்கு

ஃபார்முலா இதுதான். விற்ற விலையை வாங்கிய விலையால் வகுங்கள். வருடங்களின் எண்ணிக்கை எவ்வளவோ அத்தனையாவது மூலம் எடுங்கள். அதிலிருந்து 1 கழித்தால் வருடாந்திர கூட்டு வளர்ச்சி. எல்லாரும் சி.ஏ.ஜி.ஆர். என்று சொல்வது இதைத்தான்.

ஃபெராரி 250 ஜி.டி.ஓ.-வை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 வண்டிகள் தயாரிக்கப்பட்டன. புதிதாக இருந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 18,000 டாலர். 2018-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆர்.எம். சோதபீஸ் ஏலத்தில் ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது. கிட்டத்தட்ட 2,700 மடங்கு! ரீல்ஸ் இங்கே முடிந்துவிடும். நாம் தொடருவோம். 56 வருடங்களுக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 15%.

இப்போது நம்ம சென்செக்ஸ். 1990 ஜூலை மாதம் முதல்முறையாக 1,000 புள்ளியைத் தொட்டது. 2024 செப்டம்பரில் 85,000. 34 வருடத்தில் 85 மடங்கு. கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 14%, டிவிடெண்ட் சேர்க்காமலே. தங்கம்? 1990-இல் 10 கிராம் சுமார் 3,200 ரூபாய். 2025-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வருடத்துக்குச் சுமார் 10%.

கால அளவும் கரன்சியும் வேற வேற, அதனால் இது துல்லியமான ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் ஒரு உண்மை தெரிகிறது. உலகத்திலேயே அதிகம் தேடப்படுகிற ஸ்போர்ட்ஸ் காரின் வளர்ச்சி, எந்த அதிசயமும் இல்லாத ஒரு இண்டெக்ஸ் வளர்ச்சியின் பக்கத்தில்தான் நிற்கிறது. 2,700 மடங்கு என்ற எண்ணை உருவாக்கியது காரை விட அதிகமாகக் காலம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்க. 1962-இல் அந்த 18,000 டாலர் கையில் இருந்த ஒருவர் வேற எத்தனையோ கார் வாங்கியிருக்கலாம். அதில் பெரும்பாலானவை இன்றைக்குப் பழைய இரும்பு. ஏலச் செய்தியில் வருவது தப்பிப் பிழைத்த வண்டி மட்டும்தான். பாஸ் ஆனவங்களை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு 'இந்த பேப்பர் ரொம்ப ஈஸி' என்று சொல்வது போல இது.

ஏறினது இறங்கவும் செய்யும். 1980-களின் கடைசியில் பழைய ஃபெராரிகளின் விலை வெறி பிடித்தது போல ஏறி, 1990-க்குப் பிறகு சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் பல வருடம் காத்திருக்க வேண்டி வந்தது. பணக்காரர்களின் சேகரிப்புப் பொருட்களைக் கண்காணிக்கும் நைட் ஃபிராங்க் குறியீட்டின்படி, கிளாசிக் கார்கள் 2022-இல் சுமார் 25% ஏறின. 2023-இல் சுமார் 6% இறங்கின.

சரி, இதுவரை ஏலத்தில் அதிகமாகப் போன கார் எது? 1955-இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹாட் கூபே. இரண்டே இரண்டு தயாரானது. 2022-இல் ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அதை விற்றது முதலீட்டாளர் இல்லை, தயாரித்த கம்பெனியே. பணம் மாணவர்களுக்கான உதவித்தொகை நிதிக்குப் போனது.

3. நம்ம பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே இருக்கு?

பெரிய அளவில் கிடையாது என்பதுதான் நேர்மையான பதில். சுதந்திரத்துக்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தியாவில் கார் வாங்குவது என்றால் அம்பாசிடர், ஃபியட் (பிறகு பத்மினி), ஸ்டாண்டர்டு. இந்த மூன்றில் ஒன்று. இறக்குமதிக்கு அனுமதி கிடைப்பதே அபூர்வம். அதனால் சேலம், நாமக்கல் சமவெளியில் 'பழைய ஸ்போர்ட்ஸ் கார்' என்று பேச்சு வந்தால், அது ஃபெராரியைப் பற்றியது இல்லை. பெரும்பாலும் கீழே இருக்கிற ஏதாவது ஒன்றுதான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு: 1961-இல் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகத் தொடங்கியது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் டிரையம்ஃப் தன் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. ஆக, மெட்ராஸ் ஹெரால்டு ஒரு நிஜ ஸ்போர்ட்ஸ் காருக்குப் பங்காளி.

கான்டெஸா: இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டு வந்தது. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் இன்ஜின், பிறகு 1.8 லிட்டர் இசுஸு. 2002-இல் நின்றது. பார்வைக்கு மட்டும் அமெரிக்க மசில் கார்.

சான் ஸ்டார்ம்: கோவாவில் 1998 முதல் தயாரான இரண்டு சீட் வண்டி. ஃபைபர் பாடி, 1.2 லிட்டர் அளவில் ரெனோ இன்ஜின்.

ஸ்டூடண்ட் பட்ஜெட்டுக்கு: 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100, 1983-இல் வந்த இரட்டை சிலிண்டர் ராஜ்தூத் 350, மைசூரில் தயாரான எஸ்டி. எல்லாமே டூ ஸ்ட்ரோக்.

4. விலையை ஏற்றுகிற நாலு விஷயம்

'பழசு' என்பது மட்டும் விலை ஏறக் காரணம் இல்லை. அப்படி இருந்தால் ஒவ்வொரு பஸ் டிப்போவும் மியூசியம் ஆகியிருக்கும். நாலு விஷயம் சேர வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை. குறைவாக இருக்க வேண்டும். ஆனால் குறைவு மட்டும் போதாது. அதே ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை இறக்கியது. உடல், 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1. உள்ளே பழங்கால இன்ஜின். விலை அதிகம், ஓட்டம் குறைவு. 1988-இல் எல்லாம் முடிந்தது. இன்றைக்கு அது அபூர்வ வண்டிதான். ஆனால் அன்றைக்கு யாரும் வாங்காததால்தான் அது அபூர்வம். யாருக்கும் வேண்டாததால் அரிதாவதும், எல்லாருக்கும் வேண்டியிருந்தும் அரிதாக இருப்பதும் ஒன்று இல்லை.

இரண்டாவது, ஆசை. பதினெட்டு வயசில் ஒரு வண்டியைப் பார்த்து ஏங்கியவர், நாற்பத்தைந்து வயசில் கையில் காசு வந்ததும் அதைத் தேடுவார். ஆர்எக்ஸ் 100-க்கு இன்றைக்கு இருக்கிற மவுசுக்கு முக்கியக் காரணம், 1990-இல் காலேஜ் படித்தவர்கள் இன்றைக்குச் சம்பாதிக்கிற இடத்தில் இருப்பது. அவர்களுக்குப் பிறகு? 2045-இல் வாங்கப் போகிறவர் நீங்கதான். அந்தச் சத்தத்துக்கு நீங்க அவ்வளவு கொடுப்பீங்களா? உங்க ஏக்கம் வேற வண்டி மேல இருக்குன்னா, அந்த விலைக்கு ஒரு காலக்கெடு இருக்குன்னு அர்த்தம்.

மூன்றாவது, ஒரிஜினல். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பாடி எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டும். நம்ம ஊர் வண்டிகள் அடிபடுவது இங்கேதான். பெட்ரோல் விலை தாங்காமல் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் டீசல் இன்ஜின் மாற்றியவர்கள் எத்தனை பேர்! கார்புரேட்டர் கிடைக்காமல் வேற வண்டியின் கார்புரேட்டர், டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர், பிரேக்குக்கு ஜிப்ஸி பார்ட்ஸ். நம்ம பட்டறைக்காரங்க மூளைக்கு எதையும் ஓட வைக்க முடியும். அந்த மூளைதான் இந்த வண்டிகளை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தது. ஆனால் சேகரிப்பாளர் சந்தையில் அதே மாற்றம்தான் விலையைக் குறைக்கிறது. வண்டியைக் காப்பாற்றிய கையே அதன் விலையையும் குறைத்தது. ஹெரால்டின் கூரையை அறுத்து 'கன்வெர்ட்டிபிள்' ஆக்கியவர் போட்டோவுக்கு லைக் வாங்கலாம். சேகரிப்பாளரிடம் விலை வாங்குவது கஷ்டம்.

நாலாவது, காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற பேர், நம்பர், மாடல் வருடம் எல்லாம் வண்டியோடு பொருந்த வேண்டும். ஆர்எக்ஸ் 100 என்று சொல்லி ஆர்எக்ஸ் 135-க்கு டேங்க் மாற்றி விற்பதும், சேஸிஸ் நம்பரை அரைத்து மறுபடி அடிப்பதும் நடக்கிறது. நம்பர் தப்பான வண்டி கையில் இருந்தால் விலை குறைகிற பிரச்சினை இல்லை அது, போலீஸ் பிரச்சினை.

5. ஷெட்டுச் செலவு: ஒரு முழுக் கணக்கு

இது கற்பனை எண்கள் வைத்துப் போடும் கணக்கு. உங்க வண்டிக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்க.

ஐம்பது வருடப் பழைய கார் ஒன்றை 6 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். பத்து வருடம் கழித்து 18 லட்சத்துக்கு விற்கிறீர்கள். மூன்று மடங்கு. ஃபார்முலாவில் போட்டால் 11.6%. மெஸ்ஸில் சொல்லப்படும் கணக்கு இதுவரைதான்.

இப்போது ரெஸ்டோரேஷன். டிங்கரிங், பெயின்டிங், இன்ஜின் வேலை, சீட், வயரிங் என்று 5 லட்சம். போட்ட பணம் 6 அல்ல, 11 லட்சம். வளர்ச்சி 5% ஆக இறங்கியது.

அடுத்து வருடச் செலவு. இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், ஷெட், சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருடம் 40,000 என்று வைப்போம். பத்து வருடத்துக்கு 4 லட்சம். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கையில் நிற்பது வருடத்துக்குச் சுமார் 2%.

அதே பணத்தை, அதே தேதிகளில், 6.5% வட்டிக்கு பேங்கில் போட்டிருந்தால் பத்து வருடக் கடைசியில் சுமார் 26 லட்சம். கார் கொடுத்தது 18. வித்தியாசம் 8 லட்சம்.

அந்தக் கார் பேங்க் வட்டிக்குச் சமமாக வர வேண்டும் என்றால் எவ்வளவுக்கு விற்க வேண்டும்? 26 லட்சத்துக்கு. 6 லட்சம் 26 லட்சம் ஆக வேண்டும் என்றால் கார் விலை வருடத்துக்குச் சுமார் 16% ஏற வேண்டும். மேலே பார்த்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ.-வின் எண் 15%. அதாவது பேங்க் எஃப்.டி.யோடு சமன் ஆவதற்கே உங்க கார், உலகத்தின் மிகப் பிரபலமான ஸ்போர்ட்ஸ் காரை விட வேகமாக விலை ஏற வேண்டும்!

'நானே வேலை செய்வேன்' என்கிறீர்களா? நல்லது. 5 லட்சம் ரெஸ்டோரேஷனில் 3 லட்சம் கூலி என்று வைத்து அதைக் கழித்தால் வளர்ச்சி சுமார் 5% ஆகிறது. இன்னும் எஃப்.டி.க்குக் கீழேதான். அந்த 3 லட்சமும் கார் கொடுத்த லாபம் இல்லை. நீங்க வாங்காமல் விட்ட சம்பளம்.

நம்ம ஊர் வெயிலையும் பெட்ரோலையும் சேர்க்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் ஒரு நல்ல விஷயம் உண்டு: கடல் காற்று இல்லை. சென்னையில் தரைத் தகட்டைத் தின்னும் உப்புத் துரு இங்கே குறைவு. ஆனால் ஏப்ரல், மே வெயில் ரப்பர் பீடிங்கையும் டேஷ்போர்டையும் வெடிக்க வைக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி இன்ஜின் நின்றுபோகும். இப்போது பங்கில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், கார்புரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து உள்ளே இருந்தே துரு பிடிக்கும். 'ஷெட்ல போட்டு வை' என்பதுதான் பழைய வண்டிக்குச் சொல்லக்கூடிய மோசமான யோசனை.

6. அரசாங்கம் என்ன சொல்லுது?

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகள், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துப் போக மட்டும்தான். 1984 கான்டெஸாவுக்கு 2034-இல்தான் 50 ஆகும். முதல் ஆர்எக்ஸ் 100-க்கு 2035.

அதுவரை அவை சாதாரணப் பழைய வண்டிகள்தான். பதிவைப் புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், பைக்குக்கு 1,000. 2025-இல் 20 வருடம் தாண்டியவற்றுக்கு அது 10,000, 2,000 என்று ஆனது. இது தவிரப் பசுமை வரி. கொள்கை போகிற திசை பழைய வண்டிக்குச் சாதகமாக இல்லை.

அடுத்து வருமான வரி. சொந்த உபயோகப் பொருளை விற்றால் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம் போன்றவை விதிவிலக்கு. அப்போ கார்? மும்பையில் ஒருவர் 1931 மாடல் ஃபோர்டு ஒன்றை 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பத்து வருடத்துக்குள் 21 லட்சத்துக்கு விற்றார். 105 மடங்கு! 'இது என் சொந்த உபயோகப் பொருள், வரி கிடையாது' என்றார். வழக்கு பல படி ஏறி, 2025-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சொந்த உபயோகத்துக்கு ஏற்ற பொருளாக இருந்தால் போதாது, உண்மையில் அப்படிப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும் என்பதுதான் சாரம்.

இந்த வழக்கில் இரண்டு பாடம். ஒன்று, 105 மடங்கு லாபம் நிஜமாகவே நடந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. இரண்டு, முதலீடு என்று பூட்டி வைத்தால் வரி உண்டு, உண்மையாகவே ஓட்டி அனுபவித்தால் விலக்கு கேட்கலாம். ஆனால் வி.ஏ. வரிசையில் பதிவு செய்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. அப்போ 'சொந்த உபயோகம்' என்று எப்படி நிரூபிப்பது? வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

7. அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஆனால் முதலீடு என்று பேர் வைக்காமல் வாங்குங்க.

மேலே போட்ட கணக்கில் வந்த அந்த 8 லட்சம் வித்தியாசத்தை நஷ்டம் என்று பார்க்கலாம். பத்து வருடம் ஒரு நல்ல வண்டியோடு வாழ்ந்ததற்கான விலை என்றும் பார்க்கலாம். வருடத்துக்கு 80,000. சிலருக்கு அது நியாயமான விலை. கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தும் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்க. சேலத்தில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம். அங்கே நிற்கிற கார்களை யாரும் சி.ஏ.ஜி.ஆர். பார்த்துச் சேர்க்கவில்லை. ஒரு இன்ஜின் எப்படி யோசிக்கப்பட்டது என்று அடுத்த தலைமுறை தொட்டடுத்துப் பார்க்கட்டும் என்றுதான் சேர்த்தார்கள்.

தப்பு நடப்பது எங்கே? அப்பாவிடம் 'இது செலவு இல்லப்பா, முதலீடு' என்று சொல்லி செமஸ்டர் பணத்திலோ, பர்சனல் லோனிலோ வாங்கும்போது. 14% வட்டிக்குக் கடன் வாங்கி 2% தரும் பொருளை வாங்குவதற்கு எந்த ஃபார்முலாவும் உதவி செய்யாது. அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் ஷேரை ஒரு நாளில் விற்கலாம், தங்கத்தை அரை மணி நேரத்தில் அடகு வைக்கலாம். ஹெரால்டு வாங்க ஆள் கிடைக்க ஆறு மாசம் ஆகலாம். அவசரம் உங்க முகத்தில் தெரிந்தால், வருகிற ஆள் பாதி விலைக்குத்தான் கேட்பார்.

இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு இதில் உண்மையாகவே லாபம் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது காரை வைத்திருப்பவர் பக்கம் இல்லை, அதைச் சரி செய்கிறவர் பக்கம். நம்ம கணக்கில் கார் சொந்தக்காரர் நஷ்டப்பட்டார், ஆனால் ரெஸ்டோரேஷனுக்குப் போன 5 லட்சம் யாரோ ஒருவருடைய வருமானம். சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்த ஆளைத்தான். தயாரிப்பு நின்றுபோன கியர் வீலை அளந்து வரைந்து வெட்டத் தெரிந்தவர். உடைந்த பிளாஸ்டிக் பாகத்தை ஸ்கேன் செய்து அச்செடுக்கத் தெரிந்தவர். தகட்டைக் கையால் தட்டி வளைவு எடுக்கத் தெரிந்தவர். கடைசியில் சொன்ன வித்தை நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் இரண்டும் நம்ம கேட் லேபிலும் மெட்ராலஜி லேபிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் தெரிந்த ஒருவர் கிடைத்தால், அவருக்கு எந்தக் காலத்திலும் வேலை இருக்கும். காரின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கூலி உண்டு. லாரிக் கணக்கும் இதையேதான் சொல்கிறது: ஓடுகிறதுதான் சம்பாதிக்கும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு

ஒன்று: ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் நம்பரை வண்டியில் நீங்களே தடவிப் படிங்க. அரைத்த தடம், எழுத்து கோணல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்க.

இரண்டு: ஆர்.சி.யில் இருக்கிறவர் உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்துப் போடுவாரா, ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பாருங்க. 'பேர் மாத்திக்கலாம் தம்பி' என்பது பதில் இல்லை.

மூன்று: ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க வைத்துப் பாருங்க. ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஃபைபர் பாடிக்கு இது செல்லாது.

நாலு: ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. கேஜ் இல்லை என்றால் டிபார்ட்மெண்ட் ஒர்க்‌ஷாப்பில் கேளுங்க.

ஐந்து: வண்டி வாங்கும் முன்னால் பார்ட்ஸ் தேடுங்க. விண்ட் ஷீல்டு, டெயில் லேம்ப், பீடிங் மூன்றும் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வீட்டுப்பாடம்

உங்க கனவு வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. இன்றைய விலை, சரி செய்யும் செலவு, வருடச் செலவு, பத்து வருடம். இந்த நாலையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, 6.5% எஃப்.டி.யோடு சமன் ஆக அதை எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று கண்டுபிடிங்க. அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைத்து, கீழே ஒரு வரி சேருங்க: 'இந்த விலைக்கு இதை என்னிடம் இருந்து வாங்கப் போகிறவர் யார்?' ஒரு ஆளை மனசில் நினைத்துப் பதில் எழுத முடிந்தால் வாங்குங்க. முடியவில்லை, ஆனாலும் அந்த வண்டி வேணும்னு தோணுதா? அதற்கும் வழி இருக்கு. படிச்சு முடிச்சு, சொந்தச் சம்பளத்தில், கடன் இல்லாமல் வாங்கி, ஞாயித்துக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன்னால் ஏற்காடு அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க.